18 கருவிகளில் எத்தனை கருவி: ஒரு தராசு மெக்கானிக்கின் மல்டி டூல் மதிப்பீடு

கும்பகோணத்தை மையமாக வைத்துக்கொண்டு வலங்கைமான், குடவாசல், திருவிடைமருதூர் வரைக்கும் எலக்ட்ரானிக் தராசுகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். மளிகைக் கடை, காய்கறி மண்டி, நகைக்கடை என்று ஆண்டு முழுவதும் வேலை இருக்கும். சம்பா அறுவடை முடிகிற தை, மாசி மாதங்களில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களிலிருந்தும் அழைப்பு வரும். வண்டியின் பின்பக்கப் பெட்டியில் சால்டரிங் அயர்ன், மல்டி மீட்டர், திருப்புளி செட், டாபாரியா கட்டிங் பிளேயர் எல்லாம் இருக்கின்றன. இருந்தும் வண்டி ஒருபுறமும் வேலை ஒருபுறமுமாகத்தான் பெரும்பாலும் அமைகிறது. வண்டி சாலையோரத்துப் புளியமரத்தடியில் நிற்கும். தராசு களத்து மேட்டில், நெல் குவியலுக்கும் சாக்கு அடுக்குக்கும் நடுவில் கிடக்கும். அந்த இருநூறு அடி தூரத்தை ஒரு ஸ்குரூவுக்காக நாலு தடவை நடந்து பார்த்தவருக்குத்தான் இடுப்பில் ஒரு கருவி இருப்பதன் அருமை தெரியும். கடந்த பத்து ஆண்டுகளில் மூன்று மல்டி டூல்கள், அதாவது கத்தி, திருப்புளி போன்ற பலவற்றை ஒன்றாக மடக்கி வைத்த கருவிகள், என் இடுப்பிலும் பையிலும் இருந்திருக்கின்றன. நான்காவது ஒன்றை ஒரு மாதம் இரவல் வாங்கிப் பயன்படுத்தினேன். வாங்க நினைப்பவர்களுக்கு அந்த அனுபவத்தை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

முதலாவது, 2016 மகாமகத்தின்போது தெருவோரக் கடையில் விரித்த தார்ப்பாயின் மீதிருந்து எடுத்தது. பெயர் எதுவும் பொறிக்கப்படாதது. கறுப்பு நைலான் உறையோடு மினுமினுவென்று இருந்தது. கத்தி, ரம்பம், குறடு, கத்தரி, அரம் என்று விரித்துக் காட்டிய கடைக்காரர் ஒவ்வொன்றாக எண்ணி 15 என்றார். நானும் எண்ணிப் பார்த்துவிட்டு, ஒன்றுக்கு இருபது ரூபாய்கூட ஆகவில்லையே என்று கணக்குப் போட்டு வாங்கிவிட்டேன். எடைக்குப் பொருள் விற்பவர்களோடு பழகியே எனக்கும் அந்தப் புத்தி வந்திருந்தது. ஆறாவது மாதம், ஒரு மேசைத் தராசின் பாட்டரி முனையில் இறுகிப்போயிருந்த கிளிப்பைக் கத்தியின் நுனியால் நெம்பினேன். கத்தி மடங்கி ஆள்காட்டி விரலின் இரண்டாம் கணுவில் இறங்கியது. நாலு தையல். நெம்புவதற்குக் கத்தியை எடுத்தது என் தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கத்தி திறந்தபின் நிற்பதற்குப் பூட்டும் இல்லை, பூட்டில்லாத நல்ல கத்தியில் இருக்கவேண்டிய இறுக்கமான ஸ்பிரிங்கும் இல்லை என்பதை வாங்கும்போதே விரலால் அழுத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் எண்ணிக்கையைப் பார்த்தேனே தவிர கத்தி மடங்கும் மூட்டு எப்படி இருக்கிறது என்று பார்க்கவில்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஏறக்குறைய அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதன் விளக்கம்.

கடையில் கேட்கவேண்டிய முதல் கேள்வி, குறடு வேண்டுமா வேண்டாமா என்பது. சந்தையில் இருக்கும் நல்ல கருவிகள் எல்லாம் இரண்டு வம்சங்களில் ஒன்றைச் சேர்ந்தவை. ஒன்று சுவிஸ் வம்சம்: கார்ல் எல்சனர் என்பவர் 1884இல் ஈபாக் என்ற ஊரில் தொடங்கிய பட்டறை, 1891இல் சுவிஸ் ராணுவத்துக்குச் சிப்பாய்க் கத்தி கொடுக்கத் தொடங்கி, 1897இல் அதிகாரிகளுக்கான கத்தியைப் பதிவு செய்தது, அதுவே இன்றைய விக்டோரினாக்ஸ். அடிப்படையில் அது பேனாக்கத்தி. மற்றவை அதற்குத் துணை. இன்னொன்று அமெரிக்க வம்சம். டிம் லெதர்மேன் என்ற இளைஞர் 1975இல் மனைவியுடன் ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றியபோது, வண்டியும் விடுதிக் குழாய்களும் மாறிமாறிப் பழுதாக, கையிலிருந்த சாரணர் கத்தியில் ஒரு குறடு மட்டும் இருந்தால் போதுமே என்று நினைத்தாராம். அட்டையை வெட்டி மாதிரி செய்து தொடங்கியவருக்கு, முதல் கருவியை விற்பனைக்குக் கொண்டுவர 1983 வரை ஆயிற்று. ஆக, அந்த வம்சத்தில் குறடுதான் தலைவன். கத்தி அதன் கைப்பிடிக்குள் குடியிருக்கிறது. இந்த இரண்டில் எது நமக்கு என்று தெரியாமல் மாடல் பெயர்களுக்குள் நுழைந்தால், எதை வாங்கினாலும் ஒரு குறை இருந்துகொண்டே இருக்கும்.

எனக்கு எது என்பதை முடிவு செய்ய ஒரு எளிய வழியைக் கையாண்டேன். ஒரு வாரம் முழுவதும் சர்வீஸ் டைரியின் ஓரத்தில், என்ன கருவியைத் தேடிக் கை போயிற்று என்று கோடு போட்டு வைத்தேன். கத்திக்கு நேரே கோடுகள் வரிசையாக நின்றன. ஆனால் அவற்றில் பாதிக்கு மேல் சாக்குத் தைத்த சணலையும் பார்சல் டேப்பையும் அறுத்ததுதான். ஸ்டார் திருப்புளி அடுத்தது. அதற்கடுத்து வந்தது குறடு: வளைந்த பாட்டரி முனையை நிமிர்த்த, கட்டுக்கம்பியை முறுக்க, அறுக்க. கத்தரிக்கு நான் நினைத்ததைவிட அதிகம். ரம்பத்துக்கு ஒரே ஒரு கோடு. அதுவும் வேலைக்காக அல்ல, வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலைக் கிளை ஒன்று சுவரில் உரசியதால். அரத்துக்கு ஒன்றும் இல்லை. யாரும் இதைச் செய்து பார்க்கலாம். பணம் கொடுப்பதற்கு முன் செய்வது நல்லது.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். நான் இன்று வேலை நாட்களில் அணியும் லெதர்மேன் வேவ் பிளஸ் கருவிக்கு நிறுவனம் சொல்லும் கணக்கு 18. பொய் இல்லை, ஆனால் எப்படி எண்ணுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கூர்மூக்குக் குறடு ஒன்று, அதே குறட்டின் அடிப்பகுதி சாதாரணக் குறடு என்று இன்னொன்று, அதன் கம்பி வெட்டி, அதற்கும் கீழே கடினக் கம்பி வெட்டி, வயர் முனையை நசுக்கும் பள்ளம் என்று ஒரே தாடையில் ஐந்தாகிவிடுகிறது. டப்பா திறப்பான், பாட்டில் திறப்பான், வயர் தோலுரிப்பான் மூன்றும் ஒரே தகடு. ஒருபக்கம் சாதாரண அரம், மறுபக்கம் வைரத்தூள் பூசிய அரம் என்பது இரண்டு. கைப்பிடியில் கீறியிருக்கும் அளவுகோல் ஒன்று. மீதி ஏழும்தான் தனித்தனியாக வெளியே வரும் உறுப்புகள்: நேர்முனைக் கத்தி, பல்முனைக் கத்தி, ரம்பம், கத்தரி, பெரிய பிட் திருப்புளி (பிட் என்பது கழற்றி மாற்றும் முனை), சிறிய பிட் திருப்புளி, நடுத்தரத் தட்டைத் திருப்புளி. கையால் விரிக்கக்கூடிய பொருள் என்று எண்ணினால் பத்து தேறும். சுவிஸ்காரர்களும் சளைத்தவர்கள் அல்லர். அவர்கள் கணக்கில் சாவி வளையமும் பல் குத்தும் குச்சியும் ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. அந்தக் கணக்குப்படி பார்த்தால் நம் வீட்டு அரிவாள்மணை நுனியில் துருவியோடும், அறுக்க அலகோடும், உட்காரப் பலகையோடும் மூன்று கருவி.

எடை விஷயத்தில் எனக்கு ஒரு வசதி உண்டு. நகைக்கடை வேலைக்காகச் சரிபார்த்து வைத்திருந்த தராசில் கருவிகளை வைத்துப் பார்த்தேன். வேவ் பிளஸ்ஸுக்கு நிறுவனம் சொல்லும் எடை 241 கிராம். தராசு ஒரு கிராம் முன்பின்னாக அதையே காட்டியது. உறையோடு சேர்த்தால் ஏறத்தாழ முந்நூறைத் தொடுகிறது. கால் கிலோ என்பது கேட்கும்போது சிறிதாகத்தான் இருக்கும். பான்ட் பெல்ட்டில் தெரியவும் தெரியாது. ஆனால் ஊரில் வேட்டியோடு இருக்கும் நாட்களில், வேட்டி பெல்ட்டில் மாட்டிக்கொண்டு குனிந்து நிமிர்ந்தால் அது ஒருபக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கிறது. சட்டைப் பைக்கு ஆகவே ஆகாது: குனிந்தால் வாய்க்காலில் விழும். எனக்கு விழுந்திருக்கிறது; முழங்கால் சேற்றில் அரைமணி நேரம் துழாவி எடுத்தேன். எனவே யாராவது என்னிடம் கேட்டால், முதலில் எந்த உடையில் எங்கே வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்கிறேன்.

வேவ் பிளஸ் எனக்கு வந்தது சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மச்சான் மூலமாக. அதில் எனக்கு மிகவும் பிடித்தது, இரண்டு கத்திகளும் ரம்பமும் அரமும் கைப்பிடியின் வெளிப்புறத்தில் அமைந்திருப்பது. குறட்டை விரிக்காமலேயே, ஒரு கையின் கட்டைவிரலால் கத்தியைத் திறந்துவிடலாம். மறு கையில் தராசின் தட்டைத் தூக்கிப் பிடித்திருக்கும்போது இதன் மதிப்பு புரியும். திறந்தவுடன் ஒரு தகடு பின்னால் வந்து பூட்டிக்கொள்கிறது. அந்த ‘டக்’ சத்தம் கேட்காவிட்டால் நான் இப்போதெல்லாம் எதையும் அறுப்பதில்லை. கம்பி வெட்டும் அலகுகளைத் தனியே கழற்றி மாற்றலாம் என்பது இரண்டாவது சிறப்பு. கடினக் கம்பியை வெட்டி வெட்டி அலகு பல்லாகிப்போனால் முழுக் கருவியையும் தூக்கிப்போட வேண்டியதில்லை.

எங்கள் பகுதித் தராசுகளுக்கு வரும் வியாதிகளில் முக்கியமானது எலி. நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலிக்கு லோடு செல் வயரின் மேலுறை மிகவும் பிடிக்கும். லோடு செல் என்பது எடையின் கீழ் இம்மியளவு வளையும் உலோகத் துண்டு. அந்த வளைவை ஒரு சில மில்லிவோல்ட் மின்னழுத்தமாக மாற்றி அனுப்புகிறது. அந்த அளவு சிறிய சிக்னல் போகும் வயரை அரைகுறையாக முறுக்கி ஒட்டினால் 40 கிலோ மூட்டை காலையில் ஒரு எடையும் மதியத்தில் ஒரு எடையும் காட்டும். சென்ற மாசியில் ஒரு கொள்முதல் நிலையத்தில் அப்படித்தான் ஆனது. வெள்ளை நிற வயர் பாதி கடிபட்டுத் தொங்கியது. கத்தரியால் கடிபட்ட பகுதியைச் சீராக வெட்டி எடுத்து, கத்தியின் அடிப்பகுதியை வயரின் மேல் படுக்கவைத்து உருட்டித் தோலை உரித்து, கூர்மூக்கால் முனையைப் பிடித்து முறுக்கியது வரை எல்லாம் இடுப்புக் கருவியாலேயே முடிந்தது. ஈயம் வைக்க மட்டும் வண்டிக்குப் போனேன். கருவியில் வயர் தோலுரிப்பான் என்று தனியாக ஒன்று இருக்கிறதே என்றால், அது தடித்த வயருக்கு; மயிரிழை போன்ற லோடு செல் வயரை அதில் விட்டால் இழைகளும் சேர்ந்து வந்துவிடும்.

வேலை நடக்கும்போது மூட்டை தூக்கும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். “தம்பி, அது கத்தியா குறடா?” என்றார். “ரெண்டும்தான் ஐயா” என்றேன். கையில் வாங்கி விரித்து மடக்கி, கத்தரியை மட்டும் வெளியே எடுத்து, தன் கட்டைவிரல் நகத்தை அங்கேயே வெட்டிக்கொண்டு, “இது ஒண்ணு போதும் எனக்கு” என்று திருப்பிக் கொடுத்தார். நான் படித்த மதிப்புரைகளில் அதைவிடத் தெளிவானது இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். இதன் பெரிய பிட் திருப்புளியில் போடும் பிட்கள் தட்டையானவை. கடைகளில் கிடைக்கும் சாதாரண ஆறுமுனை பிட்கள் அதில் நேரடியாகப் பொருந்தாது, அதற்கென்று தனியாக ஒரு நீட்டிப்பு வாங்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், திருப்புளியின் தண்டு மிகக் குட்டை. மேசைத் தராசுகளின் அடிப்பக்க ஸ்குரூ பெரும்பாலும் ஒரு குழிக்குள், விரல் ஆழத்தில் இருக்கும். அங்கே கருவியின் பருத்த உடம்பு நுழையாது. சுவிட்ச் போர்டிலும் இதே கதைதான். எனவே மெல்லிய தண்டுள்ள ஒரு ஸ்டார் திருப்புளி என் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. டைரியில் இரண்டாம் இடத்தில் நின்ற வேலைக்கு மல்டி டூல் பாதி விடைதான். துளையிடும் தமரூசி வேவில் இல்லை. கூர்மூக்கின் நுனி மெல்லியது. துருப்பிடித்த நட்டைப் பிடித்து உடல் பலத்தோடு திருகினால் நுனி பிரியும் அல்லது முறியும். மோட்டார் ஃபுட் வால்வு போல்ட்டை இதால் கழற்றிவிடலாம் என்று நினைக்கிறவர் ஒரு ஸ்பேனர் செட் வாங்கிக்கொள்வது மலிவு.

மோட்டார் என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டெல்டாவில் மும்முனை மின்சாரம் போகாத வயல் குறைவு. குறடு இடுப்பில் இருந்தால் மோட்டார் கொட்டகைக்குள் ஸ்டார்ட்டரையும் ஃபியூஸையும் தொட்டுப் பார்க்கக் கை தானாகப் போகும். மல்டி டூல்களின் கைப்பிடி வெறும் உலோகம். அதற்கு மின்காப்பு உறை கிடையாது; நைலான் உறை என்பது மாட்டிவைக்கத்தான். ஈரமான தரையில் வெறுங்காலோடு நின்று மெயின் லைனில் இதை வைப்பவருக்கும் கம்பிக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. மெயினை அணைத்துவிட்டு, டெஸ்டரால் பார்த்துவிட்டு, அதன்பின்னும் காப்புறை போட்ட கட்டிங் பிளேயரையே எடுங்கள். எந்த மல்டி டூலும், எவ்வளவு விலையானாலும், இந்த வேலைக்கு உரியது அல்ல.

நான் இரவல் வாங்கியது லெதர்மேன் ரீபார். மன்னார்குடிப் பக்கம் இன்டர்நெட் கேபிள் இழுக்கும் ஒரு நண்பருடையது. 17 கருவிகள், 189 கிராம். வேவைவிட 52 கிராம் குறைவு, அந்த வித்தியாசம் இடுப்பில் நன்றாகவே தெரிகிறது. இதிலும் கம்பி வெட்டும் அலகை மாற்றலாம். நூல் கோக்கும் துளையுடன் தமரூசியும் உண்டு, அது சாக்குத் தைக்க உதவுகிறது. ஆனால் கத்தியை எடுக்க வேண்டுமென்றால் முதலில் குறட்டை விரிக்க வேண்டும்; கத்தி கைப்பிடியின் உள்பக்கம் இருக்கிறது. டைரியில் முதலிடம் கத்திக்கு என்று தெரிந்தபின் எனக்கு இது ஒத்துவரவில்லை. என் நண்பருக்கோ, கம்பத்தின் மேல் குறடுதான் எப்போதும் கையில், கத்தி எப்போதாவது; அவருக்கு இதுவே சரி. விலையைப் பொறுத்தவரை இரண்டுமே யோசித்து வாங்க வேண்டியவை. குறடு நிஜமாகத் தேவைப்படாதவர் அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

நம் ஊர் மண்ணுக்கும் காற்றுக்கும் இந்தக் கருவிகள் எப்படித் தாங்குகின்றன என்பதை வெளிநாட்டு மதிப்புரைகளில் பார்க்க முடியாது. லெதர்மேன் இந்த மாடல்களின் கத்திக்குப் பயன்படுத்தும் 420ஹெச்சி எஃகில் சுமார் 13 சதவீதம் குரோமியம் இருப்பதால் துரு எளிதில் வராது. ஆனால் வரவே வராது என்பது இல்லை. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் ஒரு வாரம் வேலை பார்த்துவிட்டு உறையைத் திறக்காமல் வைத்திருந்தேன்; ரம்பத்தின் பற்களுக்கு நடுவில் பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. ஈரம் பிடித்த உறைதான் பாதிக் காரணம். வயல் வண்டல் வேறு வகைத் தொல்லை: ஈரமாக இருக்கும்போது மூட்டுகளுக்குள் எண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு போய், காய்ந்தபின் சிமெண்டாகிவிடும். நெல் தூசியும் சுனையும் சேர்ந்தால் கத்தரியின் ஸ்பிரிங் மீண்டு வராது.

இதற்கு வைத்தியம் எளிது. வெதுவெதுப்பான நீரில் துணிசோப்பைக் கரைத்து, கருவியை முழுக்க விரித்து முக்கி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மூட்டுகளைத் தேய்த்து, நல்ல நீரில் அலசி, வெயிலில் முழுதாகக் காயவைத்து, ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். எங்கள் வீட்டில் கதவுக் கீலிலிருந்து தலைமுடி வரை எல்லாவற்றுக்கும் அதுதான் என்பதால் நானும் முதலில் அதையே விட்டேன். நாள்பட அது பிசுபிசுத்து, தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு, மூட்டு முன்னைவிட இறுகிப்போனது. வாழை வெட்டினாலும் மாங்காய் அறுத்தாலும் உடனே துடைத்துவிடுங்கள். வாழைச் சாற்றின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். நம் பழைய அரிவாள்கள் கறுத்திருப்பதன் ஒரு காரணம் அது; குரோமியம் உள்ள எஃகு அவ்வளவு கறுப்பதில்லை என்றாலும், சாறு மூட்டுக்குள் போய்க் காய்ந்தால் கோந்துதான்.

கடையில் கையில் எடுத்ததும் செய்யவேண்டியவை சில உண்டு. குறட்டை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள்: தாடை நுனிகளுக்கு நடுவில் வெளிச்சம் கசிந்தால் கீழே வைத்துவிடுங்கள். ஒற்றைக் காகிதத்தை நுனியில் பிடித்து இழுங்கள். வழுக்கிக்கொண்டு வரக் கூடாது. தாடைகளைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். என் மகாமகக் கருவி இந்தச் சோதனையில் வெற்றிலைப்பாக்கு மெல்லும் பல்லில்லாத வாய்போல் ஆடியிருக்கும். கத்தியைத் திறந்து, விரல்களை அலகின் பாதையில் வைக்காமல், அதன் முதுகை மேசை விளிம்பில் மெதுவாக அழுத்துங்கள். பூட்டு உள்ள கருவி என்றால் அசையக் கூடாது. கடைசியாக, கையை நனைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார். ஆனால் ஐப்பசி மழையில் அந்த நகப்பள்ளத்தில் உங்கள் நகம்தான் நிற்க வேண்டும், அவருடையது அல்ல.

பெயர்பெற்ற கருவிகளுக்குப் போலிகள் உண்டு. விக்டோரினாக்ஸில் பெரிய கத்தியின் அடிப்பாகத்தில் நிறுவனத்தின் பெயர் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்கும். லெதர்மேனில் கைப்பிடியின் உட்புறத்தில், செய்த மாதத்தையும் ஆண்டையும் குறிக்கும் நான்கு எண்கள் இருக்கும். அச்சு மங்கலாகவோ கோணலாகவோ இருந்தால் நகர்ந்துவிடுங்கள். லெதர்மேனுக்கு 25 ஆண்டு உத்தரவாதம். விக்டோரினாக்ஸ் பொருள் குறைக்கும் செய்முறைக் குறைக்கும் ஆயுள் முழுவதற்கும் பொறுப்பேற்கிறது. இரண்டிலும் நாம் நெம்பி உடைத்தது சேராது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த கருவியாக இருந்தாலும் பில்லை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. நான் வாங்கி வைக்கவில்லை.

சட்டம் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் அதன் கீழ் வந்த 2016 விதிகளும் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைத்தான் கணக்கில் கொள்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கானவை அதிலும் விலக்கு. வேவின் கத்தி 3 அங்குலம்கூட இல்லை. ஆனால் சோதனை உள்ள இடங்களுக்கு அந்தந்த இடத்தின் விதிதான். திருச்சி விமான நிலையத்தில் கைப்பையில் இதைக் கொண்டுபோனால் அங்கேயே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சரக்குப் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிடுங்கள். நீதிமன்றத்துக்கும் கூட்டம் கூடும் திருவிழாவுக்கும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவதுதான் எனக்குப் பழக்கம்.

வேலை இல்லாத நாட்களில் என் பையில் இருப்பது விக்டோரினாக்ஸ் ஹன்ட்ஸ்மேன். குறடு இல்லை. மூடியபோது 91 மில்லிமீட்டர், என் தராசில் நூறு கிராமுக்குள். பெரிய கத்தி, சின்னக் கத்தி, நல்ல கத்தரி, மரம் அறுக்கும் ரம்பம், தைக்கும் துளையுடன் தமரூசி, இரண்டு அளவில் தட்டைத் திருப்புளி ஆகியவை இதில் இருக்கின்றன. டப்பா திறப்பானின் சிறிய முனை ஸ்டார் ஸ்குரூவையும் சமாளிக்கிறது. கத்தரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்: மாத்திரை அட்டை, பால் பாக்கெட், பூச்சரத்தின் நார் எதையும் இழுக்காமல் வெட்டுகிறது, வேவின் கத்தரி இதற்கு ஒரு படி கீழேதான். ரம்பம் முருங்கைக் கிளையை வெண்ணெயாக அறுக்கிறது. முருங்கையை எதுதான் அறுக்காது என்பது வேறு விஷயம். ஆனால் காய்ந்த கருவேலங்குச்சியிலும் அது சோர்ந்துபோகவில்லை. கத்திக்குப் பூட்டு கிடையாது. எனவே அறுக்கும் திசையில் மட்டுமே பயன்படுத்த வேண்டும், குத்தவும் நெம்பவும் கூடாது. ஆனால் முதுகு ஸ்பிரிங் அவ்வளவு இறுக்கமாக இருப்பதால் தானாக மடங்கும் பயம் இல்லை. ஒயின் பாட்டில் தக்கையைப் பிடுங்கும் திருகு ஒன்றும் உண்டு. எங்கள் வீட்டில் அதற்கு வேலையில்லை என்று நினைத்திருந்தேன், நைலான் கயிற்றின் இறுகிய முடிச்சுக்குள் விட்டுத் தளர்த்த அதைப்போல் வேறொன்று இல்லை.

ஆசிரியர், கடைக்காரர், பேருந்தில் அலுவலகம் போகிறவர், தோட்டம் பார்க்கிற விவசாயி என்று பெரும்பாலோருக்கு நான் இதைத்தான் சொல்வேன். கம்பியும் நட்டும் தினமும் கையில் படுகிறவருக்கு வேவ். குறட்டை வாரத்துக்கு ஒருமுறைதான் தேடுகிறவர் ஹன்ட்ஸ்மேனை வாங்கிக்கொண்டு, மிச்சப் பணத்தில் ஒரு நல்ல கட்டிங் பிளேயரையும் வாங்கி வண்டி சீட்டுக்கு அடியில் போட்டு வைக்கலாம்.

ஹன்ட்ஸ்மேனில் எனக்கு உள்ள ஒரே குறை, நிறுவனம் இதற்குச் சொல்லும் பதினைந்தில் ஒன்றாக எண்ணப்பட்ட பல் குத்தும் குச்சி இரண்டாம் மாதமே எங்கோ விழுந்துவிட்டது. புதியது தனியாகக் கிடைக்கிறது, இன்னும் வாங்கவில்லை. தென்னை ஈர்க்கு ஒன்றை அதன் கத்தியாலேயே சீவி அந்தத் துளையில் செருகி வைத்திருக்கிறேன், அளவு சரியாக இருக்கிறது.